பாதர் அருளப்பு கேட்ட ‘ஓம்’

இல்லை, ஒருநாளும் அவர் என்னைத் தேவாலயத்துக்குக் கூப்பிடவில்லை. பாதர் அருளப்பு இறந்ததிலிருந்து, சிட்னியிலிருந்து தொலைபேசி எடுக்கிற எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். “உன்னை வேதத்துக்கு மாத்தப் பாத்தவரோ?” பார்க்கவில்லை. நான் இன்னும் திருநீறு பூசுகிற ஆள்தான். பூசாத நாட்களுக்குக் காரணம் பாதர் அல்ல, பிந்தி எழும்புவது. அவர் என்னிடம் கேட்டது வேறொன்று. அதை நான் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் போய்விட்டார். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

செய்தி எனக்கு ட்ராமில் வந்தது. நான் மெல்பேர்ணில் ட்ராம் கண்டக்டர். ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள தரிப்பில் ராஜேஸ் அக்கா ஏறினார். அங்கே அவர் தாதி. இரவு வேலை முடிந்து, வெள்ளைச் சட்டைக்கு மேல் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“காசை எடுங்கோ அக்கா. இண்டைக்கு இன்ஸ்பெக்டர் நிக்கிறான்” என்றேன் பகிடியாக.

“பாதர் போயிட்டாரடா சிவா.”

“எங்க, சிட்னிக்கோ?”

பாதர் தன் புத்தக வேலையாக அடிக்கடி சிட்னி நூலகத்துக்குப் போகிறவர். அந்த நினைப்பில் கேட்டுவிட்டேன். ராஜேஸ் அக்கா என் கையைப் பிடித்தார்.

“மோசம் போயிட்டார். நான்தான் பக்கத்தில நிண்டனான்.”

கயிற்றை இழுத்து மணி அடித்தேன். ட்ராம் நகர வேண்டுமே. அடுத்த தரிப்புவரை எல்லாரிடமும் ஒழுங்காகக் காசு வாங்கினேன். பிறகு அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்துவிட்டேன். வேலை நேரத்தில் கண்டக்டர் இருக்கையில் இருக்கக்கூடாது. ட்ரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

ராஜேஸ் அக்கா இந்தப் பக்கங்களை ரோனியோவில் படி எடுத்துச் சிட்னிக்கும் அனுப்பப் போகிறாராம். அதனால் அங்கே செவன் ஹில்ஸில் இருந்து ஒரே ஒருமுறை வந்து பாதரைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவர் மட்டக்களப்பார். இயேசு சபைக் குரு. மெல்பேர்ணில், குருவாகப் போகிற பொடியன்களுக்கு இறையியல் படிப்பித்தார். மிச்ச நேரமெல்லாம் இன்னொரு இயேசு சபைக் குருவின் வாழ்க்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் பெயர் பல்தசார். எங்கள் கரைக்குப் போர்த்துக்கேயக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், போர்த்துக்கலில் ஒரு பட்டினத்தில் இறையியல் படிப்பித்தவர். அங்கே அவரைத் தெரிந்தவர்களே கொஞ்சப்பேர்தான். இங்கே, கேம்பர்வெல்லில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறையில், அவரை எங்கள் எல்லாருக்கும் தெரியும். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறவரைப் போல அவரைப் பற்றிக் கதைப்போம். புதிதாக வந்த ஒருவர் நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டு, “பல்தசார் எண்டவர் ஊரில எந்தப் பக்கம்? இளவாலையோ?” என்று விசாரித்தார்.

“இல்ல, இன்னும் கொஞ்சம் மேற்கால” என்றார் பாதர்.

அந்த அறையில்தான் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடுவோம். பக்கத்து மைதானத்திலிருந்து கால்பந்துச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒரு எண்ணெய் ஹீட்டர், மடக்குக் கதிரைகள், ஒரு கறுப்புப் பலகை. அன்றைய விசயத்தைப் பாதர் பலகையில் எழுதி வைத்திருப்பார். பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் கட்டாயமா, சீதனம் வாங்குகிறவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா, இப்படி. ஊரில் தமிழரின் உரிமைப் பிரச்சினை அநேகமாக ஒவ்வொரு கிழமையும் வரும். யாழ்ப்பாணத்தார் கூடிய கூட்டத்தில் அவர் ஒருவர்தான் மட்டக்களப்பு. “மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வச்சிடுவினம் எண்டு கேள்விப்பட்டனாங்கள். இவர் கதிரையோட ஒட்ட வச்சிட்டார்” என்று ராஜேஸ் அக்கா சொல்லுவார். உண்மைதான். போனவர்கள் எழும்பி வந்ததில்லை.

நான் முதல் போன அன்று, துரை மாமா கதைத்து முடிப்பதற்கு முன்னமே எழும்பிக் கத்தினேன். துரை மாமா என் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். எஞ்சினியர். கிளென் வேவர்லியில் வீடு. நான் கத்தி முடித்ததும் சிலர் கைதட்டினார்கள். பாதர் தட்டினவர்களைப் பார்த்த பார்வையில் கைகள் பாதியில் நின்றன.

“கைதட்டுறவன் யோசிக்கிறத நிப்பாட்டிட்டான்” என்றார். பிறகு என்னிடம், மட்டக்களப்பார் மகனைக் கூப்பிடுகிற மாதிரி, “நல்லா இருந்திச்சு மனே. இப்ப துரை சொன்னதச் சொல்லு.”

“அவர் சொன்னது பிழை.”

“பிழையா இருக்கட்டும். என்ன சொன்னார்?”

சொல்லிப் பார்த்தேன். மாமா தலையை ஆட்டினார். “நான் அப்பிடிச் சொல்லேல்லை.” திரும்பச் சொன்னேன். திரும்பவும் தலையை ஆட்டினார். மூன்றாம் தரம் நான் கதிரையை உதைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தேன். அதுதான் அந்த அறையின் சட்டம். மற்றவரின் பக்கத்தை நீ முதலில் சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டு, “ஓம், அதைத்தான் சொன்னனான்” என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ‘ஓம்’ கிடைத்த பிறகுதான் நீ வாய் திறக்கலாம். துரை மாமா பிடிவாதக்காரர். பின்னேரம் முழுக்க ‘ஓம்’ சொல்லாமலே இருந்து பார்த்தார். பாதர் தேத்தண்ணிக் கேத்தலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “சரியாச் சொன்னதுக்கு ‘ஓம்’ சொல்லாதவருக்கு தேத்தண்ணி இல்ல, துரை.” குளிர்காலம். மாமா ‘ஓம்’ என்றார்.

இந்தச் சட்டம் பல்தசாருடையது. அவருடைய வகுப்பில் ஒரு மாணவன் நடுவில் எழும்பி நிற்பானாம். திருச்சபையை மறுக்கிறவர்கள் சொல்வதை, அவர்களே வந்து நின்று சொல்வது போலச் சொல்ல வேண்டும். பல்தசார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அரைகுறையாகச் சொன்னால் இருக்கச் சொல்லிவிடுவார், மறுமொழி சொல்ல விடமாட்டார். நன்றாகச் சொன்னால், அங்கே இல்லாத எதிராளிக்காக அவரே ‘ஓம்’ சொல்லுவாராம்.

“பல்தசாருக்கு வேற வழி இல்ல” என்றார் பாதர். “எதிராளி உள்ளுக்கு வந்தா பிடிச்சு எரிச்சிருவாங்க. எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. துரை உயிரோட கதிரையில இருக்கார்.”

அந்த வழக்கம் பல்தசாரைச் சும்மா விடவில்லை. அவருடைய கெட்டிக்கார மாணவன் ஒருவனே மேலிடத்தில் போய் முறையிட்டான். ஆசிரியர் மறுப்பவர்களின் நியாயத்தைச் சொல்லும்போது அது எங்களுக்குப் பிடித்துவிடுகிறது, அதற்குப் பிறகு அவருடைய பதில் மெலிந்துபோய்த் தெரிகிறது, இதுதான் முறைப்பாடு. பல்தசாரிடமிருந்து இறையியல் வகுப்பை எடுத்துவிட்டார்கள். மலைப்பக்கத்து ஊர் ஒன்றுக்கு அனுப்பிச் சின்னப் பிள்ளைகளுக்கு லத்தீன் அரிச்சுவடி படிப்பிக்க விட்டார்கள். சாகும்வரை அதைத்தான் படிப்பித்தார்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. “நானெண்டால் அங்கியைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வந்திருப்பன்” என்றேன்.

“தெரியும் மனே. நீ எறிஞ்ச ஆள்தானே” என்றார் பாதர். அறை முழுக்கச் சிரித்தது. துரை மாமா சிரிக்கவில்லை.

நான் பல்கலைக்கழகத்தை விட்டதை மாமா தன் முகத்தில் அடித்ததாகவே எடுத்துக்கொண்டார். அவர் வீட்டை விட்டு ரிச்மண்டில் ஒரு அறைக்கு வந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அங்கே வந்தார், பாதரையும் கூட்டிக்கொண்டு. வந்த காரியம் தெரிந்ததுதான். இருந்த ஒரு கதிரையில் பாதர் இருந்தார். மாமா கட்டிலின் விளிம்பில். நான் ஜன்னலோடு நின்றேன்.

“சொல்லுங்கோ பாதர், இவனுக்கு” என்றார் மாமா.

“முதல்ல இவன்ட பக்கத்தச் சொல்லுறன்” என்றார் பாதர். சட்டம் சட்டம்தானே. “துரை, இவன் சோம்பேறி இல்ல. ட்ராமில நிண்டு வேலை செய்யிறவன் சோம்பேறியா இருக்க ஏலாது. இவன் வகுப்பில ஒரு கேள்வி கேட்டான். ‘அது சோதனைக்கு வராது’ என்டு சொன்னாங்க. இன்னொண்டு கேட்டான். அதுக்கும் அதேதான். இவனுக்கு ஃபெயில் விடுற பயம் இல்ல. பாஸ் பண்ணிருவன் என்ட பயம். பாஸ் பண்ணினா வேலை கிடைக்கும், கிளென் வேவர்லியில வீடு கிடைக்கும், அதுக்குப் பிறகு சாகும்வரை ஒரு கேள்வியும் கேக்க வேண்டி வராது. அதுக்குப் பயந்துதான் ஓடி வந்திருக்கான். சரியா மனே?”

எனக்கே அது அப்படித் தெரிந்திருக்கவில்லை. “ஓம்” என்றேன்.

“சரி. இப்ப நீங்கள் மறுமொழி சொல்லுங்கோ” என்றார் மாமா.

பாதர் கையை விரித்தார். “துரை, எனக்கு மறுமொழி வரேல்ல.”

“என்ன?”

“நான் வரும்போது கொண்டுவந்தது எல்லாம் நான் இப்ப சொன்னதுக்கு முன்னால நிக்காது. பொய் சொல்ல ஏலாதே.”

மாமா எழும்பினார். “இதுக்கோ பாதர் உங்களைக் காருக்குள்ள ஏத்திக்கொண்டு வந்தனான்? கிளென் வேவர்லி வீட்டையும் இழுத்து வச்சு அடிச்சுப் போட்டியள்! நீங்கள் ட்ராமிலயே வாங்கோ, உங்கட ஆள்தானே டிக்கட் தருவான்!” கதவு அடிபட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக் கிரேக்கக் கிழவி எட்டிப் பார்த்தாள். பாதர் திரும்பிப் போகும்போது என்னிடம், “நீ சரி என்டு நான் சொல்லேல்ல. எனக்கு மறுமொழி தெரியேல்ல என்டுதான் சொன்னன். தெரிஞ்சா வருவன்” என்றார்.

வந்தார். நான் மறந்துபோயிருந்த காலத்தில், ஒருநாள் என் ட்ராமில் ஏறினார். கடைசித் தரிப்புக்கு டிக்கட் எடுத்தார்.

“மனே, மறுமொழி கிடைச்சிட்டு.”

“எதுக்குப் பாதர்?”

“கேள்வி கேக்க விடேல்ல என்டு வெளியில வந்தாய். வந்து யாரிட்ட என்ன கேட்டாய்? ‘காசு தாங்க’ என்டு மட்டும்தானே கேக்கிறாய். அவங்க உன்ட வாயப் பொத்தினாங்க. வெளியில வந்து நீயே பொத்திக்கொண்டாய். இப்ப நான் சொன்னதத் திருப்பிச் சொல்லு.”

திருப்பிச் சொன்னேன். அவர் “ஓம்” என்றார். கடைசித் தரிப்பில் இறங்கவில்லை. அதே ட்ராமில் திரும்பியும் வந்தார். சனம் ஏறியது, இறங்கியது. நான் காசு வாங்கினேன், மணி அடித்தேன். அவர் என் மறுமொழிக்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் டிக்கட் கட்டை எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் இறங்கும்போது கோபப்படவும் இல்லை. பையிலிருந்து பிஸ்கட் பெட்டியை எடுத்து இரண்டைத் தந்துவிட்டு, மிச்சத்தைத் தானே தின்றுகொண்டு போனார். பிஸ்கட் விசயத்தில் மட்டும் அவருக்கு நியாயம் கிடையாது.

அவரிடம் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. மற்றவர்கள் கதைக்கும்போது நித்திரை கொள்வார். காரை நடு ரோட்டில் ஓட்டுவார். எல்லாவற்றையும்விட, தன் பக்கம் எது என்று சொல்லவே மாட்டார். ஊர் நிலைமை கெட்டுக்கொண்டு வந்தது. சனிக்கிழமை அறையும் இரண்டாகப் பிரிந்தது. நானும் என்னோடு சேர்ந்தவர்களும் தனிநாடுதான் வழி என்றோம். துரை மாமாவும் அவரோடு நின்றவர்களும் ஒரே நாட்டுக்குள் உரிமையை வாங்க வேண்டும் என்றார்கள். பாதர் இரண்டு பக்கத்தையும் அந்தந்தப் பக்கத்தாரைவிட நன்றாகச் சொன்னார். அதுதான் பிரச்சினை. “அந்தாள் அவங்கட ஆள்” என்றார்கள் என் கூட்டாளிகள். “உங்களுக்கு உசுப்பேத்திறதே அவர்தான்” என்றார் மாமா என்னிடம். இரண்டையும் நானே பாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“பல்தசார ஒரு கட்சிதான் சந்தேகப்பட்டது. எனக்கு ரெண்டு! நான் வளர்ந்திட்டன் மனே.”

அந்த நாட்களில்தான் அவர் சிட்னியிலிருந்து கேக் பெட்டியோடு வந்தார். எல்லாருக்கும் தானே வெட்டிக் கொடுத்தார். பல்தசாருக்கு எதிராக முறையிட்ட மாணவன் பின்னாளில் தானும் ஆசிரியனாகிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதியிருந்தானாம். அதைத் திட்டிக்கொண்டே வாசிக்கப் போனாராம் பாதர். வாசித்தால், ஒவ்வொரு அதிகாரத்திலும் எதிராளியின் பக்கம்தான் முதலில் வருகிறது, ஒரு குறையும் இல்லாமல், முழுப் பலத்தோடு.

“பல்தசார்ட பேர் எங்கயும் இல்ல” என்றார். “ஆனா கை அவர்ட கை.”

“காட்டிக் குடுத்தவன் எல்லே?” என்றேன்.

“அவன்தான் மனே கவனமாக் கேட்டிருக்கான்.”

பிறகு அவருக்கு நோய் வந்து முற்றியது. ஆஸ்பத்திரியில் மெலிந்துபோய்க் கிடந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்து நேராகவே கேட்டேன். “பாதர், இனியும் மறைக்காதேங்கோ. நீங்கள் எந்தப் பக்கம்?”

“துரைட பக்கத்தச் சொல்லு.”

“இப்பவுமோ?”

“என்னட்ட இல்ல, துரையிட்ட. அவர் ‘ஓம்’ என்டு சொல்லட்டும். பிறகு வா. சொல்லுறன்.”

“ஏமாத்திறியள்.”

“நான் இயேசு சபை மனே. எங்கள எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறாங்க.” சிரித்தார், இருமினார். “எதிராளிய முட்டாளாக்கிப் போட்டு வென்றா, நீ முட்டாளோட கதைச்சிருக்காய் என்டுதான் அர்த்தம். துரை முட்டாள் இல்ல. போ, கேளு அவர்ட.” ராஜேஸ் அக்கா வந்து நேரம் முடிந்ததென்று என்னை வெளியே அனுப்பினார். அதுதான் கடைசி.

அடக்கத்துக்கு இரண்டு பக்கத்தாரும் வந்திருந்தார்கள். தேவாலயத்துக்குள் இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம், நடுவில் பெட்டி. முடிந்து வெளியே வந்ததும் அந்தத் தேவாலயத்து ஐரிஷ் குரு பின்பக்க அறையின் திறப்பை, கதவுச் சாவியை, கையில் வைத்துக்கொண்டு, இனி இது யாரிடம் என்று கேட்டார். “நீங்களே வச்சிருங்கோ” என்று மாமா ஆங்கிலத்தில் சொன்னார். எங்களிடம் தமிழில், “அவர் இல்லாமல் அந்த அறையில அடிபாடுதான் நடக்கும்” என்றார். என் கூட்டாளிகளும், நாங்கள் தனியாக வேறு இடம் பார்ப்போம் என்றார்கள். அந்த ஒரு விசயத்தில் எல்லாரும் ஒற்றுமை.

அப்போது மாமாவின் பக்கத்தில் நின்ற ஒருவர், என் காதில் விழட்டும் என்றே, “இந்தப் பொடியளுக்கு மண்டைக்குள்ள என்ன இருக்கு? படிப்பை விட்டவனெல்லாம் நாடு கேக்கிறான்” என்றார். நான் முஷ்டியை மடக்கினேன். அதற்குள் துரை மாமா அவரை நிறுத்தினார்.

“பொறும். அவங்கள் சொல்லுறது அதில்லை” என்றார். “எங்கட ஆக்கள் கெஞ்சிப் பாத்தினம், ஒப்பந்தம் எழுதினம், எழுதினதை அரசாங்கம் கிழிச்சுப் போட்டுது. திரும்பவும் அதே கதவைத் தட்டச் சொல்லுறது புத்தியோ எண்டு கேக்கிறாங்கள். கூட மாக்ஸ் எடுத்தும், தமிழன் எண்டு கம்பஸில இடம் கிடைக்காத பொடியனைப் பாத்து ‘பொறு’ எண்டு சொல்ல எங்களுக்கு என்ன தகுதி எண்டு கேக்கிறாங்கள். எனக்குப் பிடிக்கேல்லை. ஆனால் அதுதான் அவங்கட கதை.”

நான் கிட்டப் போனேன். “ஓம் மாமா. அதைத்தான் சொன்னனாங்கள்.”

மாமாவின் முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. “நீ ஏன்டா ஒட்டுக் கேக்கிறாய்?” என்று சீறிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். பாதி வழியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழை இல்லை.

நான் ஐரிஷ் குருவிடம் போய்த் திறப்பை வாங்கிக்கொண்டேன்.

பாதர் எழுதின பல்தசாரின் வாழ்க்கை முடியவில்லை. மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு நிற்கிறது. எழுதின கட்டுகளை அவருடைய சபையார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதை முடிக்கிற ஆள் நானில்லை, எனக்கு லத்தீன் தெரியாது. என்னிடம் இருப்பது ஒரு திறப்பும் ஒரு சட்டமும்தான். அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று இனிப் பாதர் எனக்குச் சொல்லப் போவதில்லை. பரவாயில்லை. அவர் கேட்ட ‘ஓம்’ இன்னும் வாங்கப்படாமல் இருக்கிறது. அதை வாங்காமல் நான் விடப்போவதில்லை.

பலகையில் பாதரின் கையெழுத்து இன்னும் அழிபடவில்லை: “அடுத்த சனி: சிவா துரையின் பக்கம், துரை சிவாவின் பக்கம்.” மாமா தன் பங்கை ஏற்கெனவே முடித்துவிட்டார். மிச்சம் என்னுடையது. இந்தக் கிழமை முழுக்க ட்ராமில் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். கொழும்பில் கடை வைத்திருக்கிறவனும் மலையில் கொழுந்து பறிக்கிறவளும் எங்கள் ஆட்கள் இல்லையா? நாங்கள் கோடு கீறினால் அவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார்களே, அவர்களை யாரிடம் விட்டுவிட்டு வரப்போகிறோம்? இதை வாய்விட்டுச் சொல்லும்போது மணி அடிக்க மறந்துபோகிறேன். அப்படியென்றால் சரியாகத்தான் சொல்கிறேன்.

ராஜேஸ் அக்கா மாமாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். வருவேன் என்று சொல்லவில்லையாம். வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையாம். “திறப்பு ஆரிட்ட?” என்று மட்டும் கேட்டாராம்.

இன்று சனிக்கிழமை. டிப்போவில் இருந்துதான் இதை எழுதுகிறேன். இன்னும் எழுதலாம், ஆனால் மாமா எங்கேயும் நேரத்துக்கு முன்னமே போய் நிற்கிற ஆள். பூட்டிய கதவைக் கண்டால் காரைத் திருப்பிவிடுவார். நான் போய்த் திறக்க வேண்டும். ட்ராம் வந்துவிட்டது. போயிட்டு வாறன்.